பிரேசஸ், கிளிப், பற்கம்பி

பல்வரிசை கோணலாக இருந்தால் 'கிளிப் போடணும்' என்போம். மருத்துவர் வாயில் அது 'பிரேசஸ்'. எழுதும்போது 'பல் கம்பி' என்று எழுதிவிடுகிறோம்.

பிரேஸ் என்ற சொல்லின் வேர், லத்தீன் 'பிராக்கியம்'. கை என்று பொருள், கிரேக்கத்திலிருந்து வந்தது. அதன் பன்மையான 'பிராக்கியா' பழைய பிரெஞ்சுக்குப் போனபோது ஒருமையாகி, இரண்டு கைகளையும் அவற்றின் அணைப்பையும் குறித்தது. ஆங்கிலத்தில் அது, எதையும் இறுகப் பற்றி நிறுத்தும் பொருளுக்குப் பெயராயிற்று. பல்லுக்கு வந்ததும் மறுபடி பன்மை விகுதி ஏறி 'பிரேசஸ்' ஆனது. ஏற்கெனவே பன்மையாக இருந்த சொல்லுக்கு இன்னொரு பன்மை!

கிளிப் கதையும் இதேதான். பழைய ஆங்கிலத்தில் 'கிளிப்பன்' என்றால் தழுவுதல். (வெட்டுதல் என்ற பொருளில் வரும் ஆங்கில 'கிளிப்'புக்கு வேர் வேறு.) ஆக, நாம் பேச்சில் சொல்வதும் மருத்துவர் சொல்வதும் அடியில் ஒரே பொருள்தான்: அணைத்துப் பிடிப்பது.

தமிழ்ச் சொல்லோ கம்பியைப் பிடித்துக்கொண்டது. வெறும் பொருளின் பெயர்தானே என்று தோன்றலாம். வாய்க்குள் நடப்பதைப் பார்த்தால் அப்படி இல்லை. ஒவ்வொரு பல்லின் மேலும் 'பிராக்கெட்' என்ற சின்னத் துண்டை ஒட்டுகிறார்கள். அதன் நடுவே உள்ள காடியில் கம்பியை வைத்து, பெரும்பாலும் பொடி ரப்பர் வளையத்தால் கட்டுகிறார்கள். கோணல் பல்லுக்காக வளைந்துகொடுத்த கம்பி, தன் பழைய வளைவுக்குத் திரும்பப் பார்க்கும். போகிற போக்கில் பல்லையும் இழுத்துக்கொண்டு போகும். பல் அழுத்தும் பக்கத்தில் தாடை எலும்பு கரையும், விலகும் பக்கத்தில் புது எலும்பு படியும். மாதத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ. நகர்ந்தாலே நல்ல வேகம். ஒன்றரை, இரண்டு வருடம் ஆவது அதனால்தான். பிராக்கெட் பிடிப்பதோடு சரி, உழைப்பது கம்பி. தமிழ்ப் பெயர் உழைப்பாளியின் பெயர்.

பிரான்சின் பியர் ஃபோஷார் 1728-இல் வெளியிட்ட பல் மருத்துவ நூலிலேயே, வளைந்த உலோகப் பட்டையில் பற்களை நூலால் கட்டும் முறை இருக்கிறது. பழைய வடிவத்துக்குத் தானே திரும்பும் நிக்கல்-டைட்டானியம் கம்பி பல்லுக்கு வந்தது 1970-களில்.

சரி, எப்படி எழுதுவது? பல் + கம்பி = பற்கம்பி. ஒரே சொல்லாக எழுத இது போதும். 'பற்கட்டு' என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் 'பல் கட்டினேன்' என்றால் பொய்ப்பல் வைத்துக்கொண்டேன் என்றுதான் கேட்பவருக்குப் படும். ஆர்த்தோடான்டிக்ஸ் என்ற துறைப் பெயரில் 'ஆர்த்தோஸ்' நேர், 'ஓடூஸ்' பல், இரண்டும் கிரேக்கம். தமிழில் பற்சீரமைப்பு. 'பல் நேராக்கல்' இன்னும் நெருக்கமான பெயர்ப்பு, ஆனால் சொல்ல வாய் வரவில்லை.

கோணல் பல்லுக்கு நம்மிடம் பழைய சொல்லே உண்டு: தெற்றுப்பல். தெற்றுதல் என்றால் பின்னுதல், ஒன்றோடொன்று சிக்குதல். நேற்று நேத்து ஆனதுபோல, தெற்றுப்பல் பேச்சில் தெத்துப்பல் ஆனது. இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் பற்களுக்கு இதைவிடப் பொருத்தமாகச் சொல்ல முடியாது.

பற்கம்பி எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதும் உண்மை. பல்மேல் மாட்டிக் கழற்றும், கண்ணாடிபோல் தெளிவான உறையான அலைனரில் கம்பியே கிடையாது. அதைச் 'சீரமைப்பு உறை' என்னலாம். கம்பியைக் கழற்றியபின் பல் பழைய இடத்துக்கு ஓடாமல் இருக்கப் போடும் ரிட்டெய்னரையும் பலர் கம்பி என்றே சொல்கிறார்கள். அதன் வேலை நகர்த்துவது இல்லை, நிறுத்திவைப்பது. 'பல்நிறுத்தி' என்றால் குழப்பம் வராது.