இனிஷியேட்டிவ்: மக்கள் முன்மொழிவு

2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பை அரசியலமைப்பு உரிமையாக ஏற்றிருந்த 'ரோ எதிர் வேட்' தீர்ப்பை ரத்து செய்தது. கருக்கலைப்பை அனுமதிப்பதா, தடுப்பதா என்பது மாநிலங்களின் பாடு என்றாகிவிட்டது. அதிலிருந்து அந்நாட்டுச் செய்திகளில் ஓயாமல் அடிபடும் சொல் 'பேலட் இனிஷியேட்டிவ்'. தமிழில் இதைப் 'பொதுவாக்கெடுப்பு' என்று எழுதிவிடுகிறோம். இலங்கையில் என்றால் 'சர்வசன வாக்கெடுப்பு'. இரண்டும் நல்ல சொற்கள்தான், ஆனால் அவை ரெஃபரெண்டத்துக்கு உரியவை.

ரெஃபரெண்டம் லத்தீன் சொல். ஒன்றைத் தீர்மானிக்க வேண்டியவரிடம் கொண்டுபோய் வைப்பது என்பது அதன் கருத்து. சட்டமன்றம் எழுதும், மக்கள் சரி என்பார்கள் அல்லது வேண்டாம் என்பார்கள். இனிஷியேட்டிவுக்கு வேர், 'தொடக்கம்' என்னும் பொருள் தரும் இனிஷியம். இங்கே எழுதித் தொடங்கிவைப்பதே மக்கள்; போதிய கையெழுத்து திரட்டினால் அது வாக்கெடுப்புக்கு வரும். அமெரிக்காவில் இந்த உரிமையை முதலில் தந்த மாநிலம் தெற்கு டகோட்டா, 1898இல்.

பேலட்டுக்கு வேரான இத்தாலியச் சொல்லுக்குச் சிறு உருண்டை என்று பொருள். வெனிஸில் உருண்டை போட்டு வாக்களித்த வழக்கத்திலிருந்து வந்தது. (உடனே உத்திரமேரூர்க் குடவோலையை இழுக்க வேண்டாம். அது குலுக்கல்.)

மிச்சிகனில் நடந்ததைப் பார்த்தால் இந்தத் 'தொடக்கம்' எவ்வளவு பெரிய வேலை என்று புரியும். கருக்கலைப்பு உள்ளிட்ட இனப்பெருக்க உரிமையை மாநில அரசியலமைப்பில் சேர்க்கக் கோரி 2022இல் மனு சுற்றுக்கு விட்டார்கள். தேவைப்பட்டவை 4,25,059 கையெழுத்துகள். திரட்டிக் கொடுத்தவை ஏழரை லட்சத்துக்கும் மேல். அப்புறம் வந்தது சிக்கல். மனுவில் சில இடங்களில் சொற்களுக்கு நடுவே இடைவெளி சரியாக விழவில்லை, எழுத்துகள் ஒட்டிக்கொண்டு நின்றன. (தமிழாக இருந்தால் சேர்த்தெழுதியது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்.) சரிபார்க்கும் வாரியத்தின் நான்கு பேரும் இரண்டுக்கு இரண்டு என்று பிரிந்து நிற்க, வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் போனது. நீதிமன்றம் அதை வாக்குச்சீட்டில் சேர்க்கச் சொன்னது. நவம்பரில் சுமார் 57 விழுக்காடு ஆதரவோடு நிறைவேறியது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? அகராதி தரும் 'முன்முயற்சி' அலுவலகத்தில் 'அவன் இனிஷியேட்டிவ் எடுத்தான்' என்பதற்குப் பொருந்தும். சட்ட வாசனை அதில் இல்லை. 'மக்கள் முன்மொழிவு' என்பதே என் தேர்வு. சங்கக் கூட்டத்தில் ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், பிறகு கை தூக்குவார்கள். நமக்குப் பழகிய முறை. கையெழுத்து போட்ட லட்சக்கணக்கானவர்கள் இங்கே வழிமொழிகிறார்கள்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதற்கு ஒஹையோ மாநிலம் இருக்கிறது. கருக்கலைப்பு உரிமைக்கான மனு வரப்போகிறது என்று தெரிந்த நிலையில், அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 60 விழுக்காடு வாக்கு வேண்டும் என்று விதியை மாற்றச் சட்டமன்றம் 2023 ஆகஸ்டில் ஒரு வாக்கெடுப்பு வைத்தது. அது தோற்றது. நவம்பரில் மனு 57 விழுக்காடு வாக்கு வாங்கி வென்றது. இரண்டுக்கும் வாக்குச்சீட்டில் 'இஷ்யூ 1' என்றே பெயர்! இரண்டையும் பொதுவாக்கெடுப்பு என்று எழுதினால் வாசகர் குழம்பாமல் என்ன செய்வார்? இப்படி எழுதிப் பாருங்கள்: 'ஆகஸ்டில் சட்டமன்றம் வைத்த பொதுவாக்கெடுப்பைத் தோற்கடித்த ஒஹையோ வாக்காளர்கள், நவம்பரில் மக்கள் முன்மொழிவை நிறைவேற்றினார்கள்.'