தலையை முட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு முதலில் வாயைத் திறந்து பாருங்கள்

போன மாதம் ஒன்பது வயதுப் பையன் ஒருவனை எங்கள் மையத்துக்குக் கூட்டி வந்தார்கள். ஆட்டிசம், பேச்சு வரவில்லை. சில வாரங்களாகச் சுவரில் தலையை முட்டுகிறான், தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்கிறான். எங்களிடம் வருவதற்குள் எல்லா வைத்தியமும் நடந்து முடிந்திருந்தது: மந்திரித்துக் கட்டிய தாயத்து, பெரியப்பாவின் பிரம்பு, தெரிந்த மெடிக்கலில் கேட்டு வாங்கிய தூக்க சிரப். அவன் எப்போதும் வலது கன்னத்தில் மட்டுமே அறைந்துகொள்வதை யாரும் கவனிக்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் கடைவாய்ப் பல் சொத்தையாகி, ஈறு புடைத்துக் கிடக்கிறது. பல் டாக்டர் பார்த்த பிறகு அறைவது நின்றது. பல்வலி வந்ததற்குப் பிள்ளை பிரம்படி வாங்கியிருக்கிறான்.

இது முதல் கேஸ் என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். காதில் சீழ், நாள்கணக்கில் போகாத மலம், நெஞ்செரிச்சல், வயதுக்கு வந்த பெண்ணுக்கு மாதாமாதம் அடிவயிற்று வலி என்று வரிசையாகப் பார்த்தாகிவிட்டது. நேற்றுவரை இல்லாத பழக்கம் திடீரென்று தொடங்கினால் முதலில் குழந்தைகள் டாக்டர். பல், காது, வயிறு, தூக்கம் எல்லாம் பார்த்த பிறகு எங்களிடம் வாருங்கள்.

சரி, உடம்பில் ஒன்றும் இல்லை. அடுத்து வரும் வசனம் எனக்கு மனப்பாடம்: "ஸ்கூல்ல சமத்தா இருக்கான் மேடம், வீட்டுக்கு வந்தாத்தான் ஆட்டம். அப்போ வேணும்னே பண்றான்னுதானே அர்த்தம்?" இல்லவே இல்லை. ஆபீசில் மேலதிகாரியிடம் நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து காபியில் சர்க்கரை குறைவென்று எரிந்து விழும் அப்பாக்கள் எத்தனை பேர்? அவர்களுக்குத் திமிர் என்று யாரும் சொல்வதில்லை. பள்ளிக்கூடத்து மணி, நாற்பது பிள்ளைகளின் கூச்சல், கழுத்தில் உறுத்தும் சட்டை லேபிள், புரியாத பாதிப் பேச்சு எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு வரும் பிள்ளை, பயமில்லாத இடத்தில்தான் வெடிக்கும்.

"நான் கண்ணை உருட்டினா உடனே அடங்கிடுறான்" என்பது அதே வசனத்தின் இன்னொரு வடிவம். பயத்தில் உறைந்துபோவது அடங்குவது ஆகாது. 'அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்' என்று சொல்லும் தாத்தாக்களே, அந்த அடியிலிருந்து இந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: எதிரே இருப்பவர் மேல் கை வைத்தால் காரியம் ஆகும். ஆறு மாதம் கழித்து அதைத் தங்கச்சியிடம் செய்து பார்ப்பான். அப்போதும் எங்களிடம்தான் வருவீர்கள்.

அடம் வேறு, மெல்ட்டவுன் (தாங்க முடியாமல் கட்டுப்பாடு இழந்து வெடிப்பது) வேறு. அடம் பிடிக்கும் பிள்ளை ஓரக்கண்ணால் உங்களைப் பார்க்கும், கேட்டது கையில் வந்ததும் நிறுத்திவிடும். மெல்ட்டவுனில் எதைக் கொடுத்தாலும் நிற்காது, அது தானாகத்தான் வடிய வேண்டும். கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்கும்போது காதைப் பொத்திக்கொண்டு தரையில் புரளும் பிள்ளையிடம், "மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்று ஏன் நிற்கிறீர்கள்? வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். மாமா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். நடந்தது என்ன, அதற்குச் சற்று முன்னால் என்ன, அதற்கு அப்புறம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மூன்று கட்டம். இரண்டு வாரம் போதும். ஓர் அம்மா அப்படி எழுதி வந்தார். மகள் தன் கையைக் கடிப்பது பெரும்பாலும் சாயங்காலம், எழுத்து நோட்டைத் திறந்த கொஞ்ச நேரத்தில். கடித்ததும் அம்மா பதறி நோட்டை மூடிவிடுவார். 'போதும்' என்று சொல்ல வழியில்லாத பிள்ளை அதைக் கையைக் கடித்துச் சொல்லியிருக்கிறாள். 'போதும்' என்ற படத்தை அட்டையில் ஒட்டி நோட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தோம். அவள் அட்டையை எடுத்து நீட்டிய நொடியே நோட்டை மூட வேண்டும், 'இன்னும் ஒரே ஒரு வரி' என்று பேரம் பேசக் கூடாது என்பதை அம்மாவுக்குப் புரிய வைக்கத்தான் நேரம் எடுத்தது. வேலை நேரத்தை நீட்டுவதெல்லாம் பிறகு மெதுவாக. (அட்டை கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். அப்படி ஆவதில்லை.)

அப்புறம் அந்த செல்போன். மூன்று நாள் கத்தவிட்டு, நான்காம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டியதும் கொடுத்துவிடுவது. இதனால் பிள்ளைக்குக் கிடைக்கும் பாடம், இன்னும் ஓங்கிக் கத்த வேண்டும் என்பதே. கேட்டதைத் தருவதை நிறுத்தினால் முதலில் கூச்சல் கூடும், பிறகுதான் குறையும். தாக்குப்பிடிக்க முடியாது என்றால் ஆரம்பிக்காதீர்கள். பாட்டியையும் சேர்த்துக்கொண்டு ஆரம்பியுங்கள். ஆனால் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளையை 'கண்டுக்காம விடுறேன்' என்று விடக் கூடாது.

வெடிக்கும் நேரத்தில் குரலைத் தாழ்த்துங்கள். பேச்சைக் குறையுங்கள். சுவருக்கும் தலைக்கும் நடுவே தலையணை வையுங்கள். டிவி, மிக்சி, வேடிக்கை பார்க்கும் கூட்டம் எல்லாம் ஆஃப். கண்ணாடிச் சாமான்களை நகர்த்துங்கள். குப்புறப் போட்டு அழுத்தாதீர்கள், மூச்சு முட்டி உயிரே போகலாம். கட்டிப்போடுவது, இருட்டறையில் பூட்டுவது, சூடு போடுவது எதையும் செய்யாதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்தே பாதுகாக்கிறது. ஓய்ந்ததும் தண்ணீர் கொடுங்கள், அறிவுரை கொடுக்காதீர்கள்.

மருந்து பற்றி ஒரு வார்த்தை. ரிஸ்பெரிடோனுக்கு 2006இல், அரிப்பிப்ரசோலுக்கு 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தந்தது. ஆட்டிசத்தோடு வரும் கடும் எரிச்சலுக்கும் ஆக்ரோஷத்துக்கும்தான் ஒப்புதல், ஆட்டிசத்தைக் குணப்படுத்த இல்லை. மனநல மருத்துவர் எழுதித் தர வேண்டும், எடை ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது. ஸ்டெம்செல் (குருத்தணு) சிகிச்சை என்று லட்சக்கணக்கில் கேட்கும் ஆட்களிடம் நிலத்தை விற்றுக் கொடுக்காதீர்கள். ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022லேயே சொல்லிவிட்டது.

காசு இல்லை என்று வீட்டிலேயே முடங்க வேண்டாம். அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தை விசாரியுங்கள். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: வண்டியில் இறக்கிவிட்டு வாசலிலேயே நிற்காமல், அம்மாவோடு உள்ளே வந்து உட்காருங்கள். அந்த நோட்டையும், வெடித்தபோது எடுத்த ஒரு நிமிட வீடியோவையும் கொண்டு வாருங்கள். எங்கள் முன்னால் வந்ததும் உங்கள் பிள்ளை எங்களைவிட அமைதியாக உட்கார்ந்திருக்கும், நீங்கள் சொல்வதை நாங்களே நம்ப மாட்டோம்.