நோயைத் தாமதமாகக் கண்டுபிடித்தார்கள்: வழக்குப் போட முடியுமா?

கோபிச்செட்டிபாளையம் (கோபி) பக்கம் ஒருவருக்கு மூன்று மாதமாக இருமல் என்று வைத்துக்கொள்வோம். கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நாலு தடவை காட்டுகிறார். நாலு தடவையும் மருந்துச் சீட்டோடு சரி, எக்ஸ்ரே கூட இல்லை. அப்புறம் வேறு இடத்தில் ஸ்கேன் எடுத்தால் நுரையீரலில் கட்டி. "அப்பவே பார்த்திருந்தா இப்படி ஆகியிருக்குமாங்க?" என்று வீட்டில் பேச்சு கிளம்பும்.

நோய் பிந்தித் தெரிந்தது என்பது மட்டும் வழக்குக்குப் போதாது. கெட்டிக்கார டாக்டருக்கும் சில நோய்கள் முதலில் பிடிபடாது. அதே நிலைமையில் சாதாரணத் திறமையுள்ள இன்னொரு டாக்டர் எழுதியிருக்கும் பரிசோதனையை இவர் எழுதாமல் விட்டாரா, அதனால்தான் பாதிப்பு கூடியதா என்று இரண்டையும் காட்ட வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம். 'முன்பே தெரிந்திருந்தாலும் இதே முடிவுதான்' என்று எதிர்த்தரப்பு வாதாடும்.

ஐதராபாத்தில் மலேரியாவுக்கு டைபாய்டு வைத்தியம் பார்த்து ஒரு பெண் இறந்துபோனார். 2010-ல் உச்ச நீதிமன்றம் அவர் கணவருக்கு 2 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உறுதிசெய்தது. எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்றும் சொன்னது. ஆனாலும் புற்றுநோய் மாதிரி விவகாரத்தில் இன்னொரு டாக்டரின் எழுத்துபூர்வக் கருத்து கையில் இருப்பது நல்லது.

முதலில் காகிதங்களைச் சேருங்கள். உள்நோயாளியாக இருந்திருந்தால் கேஸ் ஷீட், பரிசோதனை முடிவு எல்லாவற்றின் நகலையும் எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறி விதி. அந்த ஆவணங்களை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். ஓ.பி. சீட்டு நம் கையில்தான் இருக்கும். அலமாரியில் கசங்கிக் கிடக்கும் அந்தச் சீட்டில் உள்ள தேதிதான் தாமதத்துக்குச் சாட்சி.

இழப்பீடு கேட்க வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஆஸ்பத்திரி கோவையில் இருந்தாலும் கோபிக்காரர் தன் மாவட்டமான ஈரோட்டிலேயே மனு போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த வசதி இது. ஆஸ்பத்திரிக்குக் கட்டிய தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமே கிடையாது. கணக்கு நாம் கட்டிய பில்லுக்குத்தான், கேட்கும் இழப்பீட்டுக்கு அல்ல. பலர் இதில் குழம்பிப் பயந்துவிடுகிறார்கள். தீர்ப்பு திருப்தி இல்லையென்றால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு.

முதலில் மனு போடக் கெடு 2 ஆண்டுகள். பாதிப்பு உடனே தெரியாத வழக்கில், தவறு தெரிய வந்த நாளிலிருந்து எண்ணலாம். கொஞ்சம் முயன்றிருந்தால் எப்போது தெரிந்திருக்கும் என்பதையும் பார்ப்பார்கள். ஆகவே 'கரும்பு வெட்டு முடியட்டும்' என்று தள்ளிப்போடாதீர்கள்.

எல்லோருக்கும் இலவசமாகவே வைத்தியம் பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி மேல் நுகர்வோர் ஆணையத்தில் போக முடியாது. அதற்கு சிவில் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோதான். காப்பீட்டு நிறுவனம் பில் கட்டியது என்பதற்காக நம் உரிமை போய்விடாது. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும் புகார் தரலாம், ஆனால் அங்கே டாக்டரின் பதிவு மேல்தான் நடவடிக்கை, பணம் வராது. போலீஸ் வழக்குக்கு மிக மோசமான அலட்சியம் இருக்க வேண்டும் என்று 2005-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களும், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம்.