ரீயூனியன்: பழம் விட்டவர்களுக்கு ஒரு தமிழ்ச் சொல்

1994 ஜனவரியில் அமெரிக்க இசை இதழான ரோலிங் ஸ்டோன் தன் ஆண்டு வாக்கெடுப்பு முடிவுகளை வெளியிட்டது. சிறந்த புதிய குழு எது என்ற கேள்விக்கு வாசகர்கள் சொன்ன பெயர் ஸ்டோன் டெம்பிள் பைலட்ஸ் என்ற ராக் குழு. மோசமான புதிய குழு எது என்ற கேள்விக்கு விமர்சகர்கள் சொன்ன பெயரும் ஸ்டோன் டெம்பிள் பைலட்ஸ்தான். ஒரே இதழில், ஒரே சமயத்தில்.

விமர்சகர்களின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. இவர்கள் வாசித்த கிரஞ்ச் என்ற கரடுமுரடான ராக் வகைக்குத் தாய்வீடு அமெரிக்காவின் வடமேற்கிலுள்ள சியாட்டில் நகரம். இவர்களோ அதே மேற்குக் கரையில் தெற்கே, மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்திலிருக்கும் சான் டியேகோவைத் தங்கள் ஊர் என்றவர்கள். பாடகர் ஸ்காட் வீலண்டின் அடித்தொண்டைக் குரல் பேர்ல் ஜாம் குழுவின் எடி வெடரைப் பார்த்து அடித்த காப்பி என்றார்கள். வாசகர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1992-இல் வந்த முதல் ஆல்பம் 'கோர்' அமெரிக்காவில் மட்டும் 80 லட்சம் படிகளுக்கான சான்றிதழ் பெற்றது.

பிறகு வழக்கமான கதை. போதைப் பழக்கம், கைது, ரத்தான கச்சேரிகள், சண்டை. 2003-க்குள் குழு கலைந்துபோனது. வீலண்ட் வெல்வெட் ரிவால்வர் என்ற வேறொரு ராக் குழுவுக்குப் போனார். டீன், ராபர்ட் என்ற டிலியோ சகோதரர்கள் வேறு குழு அமைத்தார்கள். 2008-இல் வீலண்ட், டிலியோ சகோதரர்கள், டிரம்ஸ் வாசிக்கும் எரிக் கிரெட்ஸ் என்று பழைய நால்வரும் மேடையேறினார்கள். அதற்கு உலகம் வைத்த பெயர் ரீயூனியன். உடனே ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். மனசு மாறி வந்திருக்கிறார்கள் என்றது ஒரு கட்சி. கல்லா கட்ட வந்திருக்கிறார்கள் என்றது இன்னொரு கட்சி.

இரண்டு கட்சியும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறு வேறு பொருளில் சண்டை போடுகின்றன என்பது என் எண்ணம். அதனால் அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

ஒன்று என்று பொருள்படும் லத்தீன் 'ஊனுஸ்' இதன் வேர். அதிலிருந்து ஒன்றாக்குதல் என்னும் வினை பிறந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 'மீண்டும்' என்பதைக் குறிக்கும் 'ரெ'யை முன்னே ஒட்டி 'ரேயூனிர்' என்றார்கள், பெயர்ச்சொல்லாக 'ரேயூனியோன்' என்றார்கள். ஆங்கிலத்துக்கு அது 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், பிறந்த வீட்டில் அந்த 'ரெ' தேய்ந்துபோய்விட்டது. இன்று பாரிஸ் அலுவலகம் ஒன்றில் 'ரேயூனியோன்' என்றால் வெறும் கூட்டம். பத்து மணிக்கு மேலாளர் கூப்பிட்டிருக்கும் அலுப்பூட்டும் கூட்டம். யாரும் யாரையும் பிரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதே சொல்லைத் தலையில் சுமக்கும் தீவு ஒன்று இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. பூர்போன் அரச குலத்தின் பெயரைத் தாங்கியிருந்த அந்தப் பிரெஞ்சுத் தீவுக்கு, புரட்சிக்குப் பின் 1793-இல் ரெயூனியன் என்று பெயர் மாற்றினார்கள். 1792 ஆகஸ்ட் 10 அன்று மார்செய் புரட்சியாளர்களும் பாரிஸ் தேசியக் காவல்படையும் கைகோத்ததன் நினைவு அது என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே தீமிதிக்கிறார்கள். ஊரைப் பிரிந்து போனவர்கள் இறங்கிய கரையின் பெயர் 'மீண்டும் சேர்தல்'! வரலாறு சில சமயம் இப்படிக் குசும்பு பண்ணும்.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சொல் ராக் இசை வழியாக வந்ததாகத் தெரியவில்லை, கல்லூரி வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். இருபத்தைந்து வருடம் கழித்து ஒரே நிறத்தில் டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு, வகுப்பறையில் பழைய பெஞ்சில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்களே, அதுதான் நமக்குத் தெரிந்த ரீயூனியன். அழைப்பிதழில் அது 'முன்னாள் மாணவர் சந்திப்பு' ஆகிறது. இலங்கைத் தமிழில் 'ஒன்றுகூடல்'. லத்தீன் சொல்லுக்குள் இருக்கும் அந்த 'ஒன்று' இதற்குள்ளும் உட்கார்ந்திருப்பது அழகு. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் தொலைத்த 'மீண்டும்' இதில் முதலிலிருந்தே கிடையாது. முதல்முறை கூடினாலும் ஒன்றுகூடல்தான்.

ராக் குழுவுக்கு இவை பொருந்தாததற்கு இன்னொரு காரணம் உண்டு. வகுப்புத் தோழர்கள் படிப்பு முடிந்து பிரிந்தவர்கள், சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் இல்லை. ராக் குழு அப்படியா? ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டோம் என்று போனவர்கள் திரும்ப ஒரே மேடையில் நிற்பதுதான் அங்கே செய்தி. நம் பள்ளிக்கூட மைதானத்தில் இதற்குத் துல்லியமான சொல் இருக்கிறது. காய் விட்டவர்கள் பழம் விட்டுவிட்டார்கள். முறிவு காய், சமாதானம் பழம். சண்டை, அதன் சிறுபிள்ளைத்தனம், அது கனிய ஆன காலம், நாளைக்கே மறுபடியும் காய் விடும் வாய்ப்பு, இத்தனையும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. நாளிதழ்த் தலைப்பில் போட முடியாது என்பது ஒன்றுதான் குறை. ஏன் முடியாது என்றும் கேட்கலாம்.

இலக்கியத்துக்குள் போனால் ஊடலும் கூடலும் நிற்கின்றன. "பிரிந்தவர் கூடினால் பேசல் வேண்டுமோ" என்று மிதிலையில் கம்பன் கேட்டது காதலர்களுக்குப் பொருந்தும். ராக் ரசிகர்கள் விஷயத்தில் பிரிந்தவர் கூடினால் பேச்சுதான், விடிய விடியப் பேச்சு. 'கூடல்' என்பதற்கு வேறொரு பழைய பொருளும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு மணலில் விரலால் வட்டம் வரைவார்கள். தொடங்கிய இடத்திலேயே முனை வந்து சேர்ந்தால் பிரிந்தவன் வருவான், சேராவிட்டால் வரமாட்டான். கூடல் இழைத்தல் என்று பெயர். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் "கூடிடு கூடலே" என்று கெஞ்சுவது இதைத்தான். இரண்டு பழைய உறுப்பினர்கள் எங்கோ ஒன்றாக நிற்கும் ஒரு புகைப்படம் வெளிவந்தால் ரசிகர்கள் செய்வதும் இதுவே. வட்டம் மூடுகிறதா என்று பார்க்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கிரஞ்ச் காலத்துச் சொற்களைப் பற்றி எழுதுகிறவன் கொஞ்சம் அடக்கமாக இருப்பது நல்லது. 'கிரஞ்ச்' என்பதே அழுக்கு, பிசுக்கு என்ற பொருளுள்ள அமெரிக்கக் கொச்சைச் சொல்லிலிருந்து வந்தது. பிற்பாடு மட்ஹனி குழுவில் பாடிய மார்க் ஆர்ம், 1981-லேயே ஒரு சிறுபத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் தன் அப்போதைய குழுவைத் திட்டுவதற்கு இதைப் பயன்படுத்தினார். பெயர் பரவி, 1992 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் 'கிரஞ்ச் அகராதி' ஒன்றை வெளியிட்டது. அதன்படி சும்மா ஊர் சுற்றுவதற்கு 'ஸ்விங்கிங் ஆன் த ஃபிலிப்பிட்டி ஃப்ளாப்' என்று பெயர். உருப்படாதவனுக்கு 'காப் நாப்ளர்'. சியாட்டிலில் ஒரு இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த மேகன் ஜாஸ்பர், நிருபர் தொலைபேசியில் கேட்கக் கேட்க அந்த இடத்திலேயே இட்டுக்கட்டியவை அவை. பெரிய பத்திரிகை அப்படியே அச்சேற்றியது. நானும் இந்தக் கட்டுரையில் ஒரு சொல்லை இட்டுக்கட்டத்தான் போகிறேன் என்பதால் இதை முன்கூட்டியே ஒப்புக்கொள்வது நியாயம்.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். எத்தனை பேர் திரும்பி வந்தால் அது ரீயூனியன்? இந்தக் கேள்வியை ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் அளவுக்குப் படாத பாடு படுத்திய குழு வேறில்லை. 1988-இல் சிகாகோவில் தொடங்கிய நால்வர்: பில்லி கோர்கன், ஜேம்ஸ் ஈஹா, டார்சி ரெட்ஸ்கி, ஜிம்மி சேம்பர்லின். 2000 டிசம்பர் 2 அன்று அதே ஊரில், மெட்ரோ அரங்கில் கடைசிக் கச்சேரி. 2005 ஜூனில் கோர்கன் சிகாகோ ட்ரிப்யூனில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். என் குழுவும் என் பாடல்களும் என் கனவுகளும் எனக்குத் திரும்ப வேண்டும் என்று. எத்தனை 'என்' என்று பாருங்கள். 2007-இல் குழு வந்தபோது பழையவர்களில் கோர்கனும் சேம்பர்லினும் மட்டும் இருந்தார்கள். 2009-இல் சேம்பர்லினும் போய்விட, முதல் நால்வரில் எஞ்சியவர் ஒருவரே, பெயர் மட்டும் முழுசாக இருந்தது. 2018-இல் ஈஹாவும் சேம்பர்லினும் சேர்ந்த சுற்றுப்பயணம் அறிவிக்கப்பட்டது. டார்சி இல்லை. பலமுறை அழைத்தோம், அவர்தான் தள்ளிப்போட்டார் என்றது குழு. அழைத்துவிட்டுப் பின்வாங்கினார்கள் என்றார் அவர், குறுஞ்செய்திகளையும் வெளியிட்டார். நாலில் மூன்று வந்தால் போதாதா என்று ஒரு சாரார், அந்த ஒருத்தி இல்லாமல் என்ன சேர்க்கை என்று மற்றவர்கள்.

ஆங்கிலச் சொல்லில் இந்த வழக்கைத் தீர்க்க வழியில்லை. தமிழில் இருக்கிறது, ஏனென்றால் நம்மிடம் 'மீண்டும்' இரண்டு வகை: மறு, மீள்.

மறு என்றால் இன்னொரு முறை. ஆள் மாறலாம். மறுமணத்தில் பெரும்பாலும் ஆள் மாறுகிறது, மறுபிறவியில் உடம்பே மாறுகிறது. மீள் அப்படியில்லை. போனது தானே திரும்பி வர வேண்டும். ஈழத்தில் மீள்குடியேற்றம் என்றால் தன் சொந்தக் காணிக்குத் திரும்புவது. வேறு இடத்தில் வீடு கொடுத்துவிட்டு அதை மீள்குடியேற்றம் என்றால் மக்கள் ஒப்புவதில்லை. அகராதிகள் இவ்வளவு கறாராகக் கோடு போடவில்லை, மறுபதிப்பும் மீள்பதிப்பும் ஒன்றேதான் என்பது தெரியும். ஆனாலும் காது அந்த வித்தியாசத்தைக் கேட்கிறது.

ஆகவே என் பரிந்துரை. பழைய ஆட்களே திரும்பக் கூடினால் மீள்கூடல். பெயர் பழையது, ஆட்கள் புதியவர்கள் என்றால் மறுஅணி. 'மறுகூடல்' என்று ஒன்றைச் சிலர் சொல்லக்கூடும். வேண்டாம். பொதுத் தேர்வு எழுதிய எவருக்கும் அது விடைத்தாள் மறுகூட்டலை நினைவூட்டி வயிற்றைக் கலக்கும். பம்ப்கின்ஸ் ரசிகர்கள் 2018-இல் செய்தது வேண்டுமானால் மறுகூட்டல் எனலாம், மதிப்பெண் நாலுக்கு மூன்று. 'மறுஇணைவு' தப்பில்லை, ஆனால் அது இரண்டு கட்சிகளுக்கும் நாடுகளுக்கும் உரிய உலோக ஓசை கொண்டது. கூடலில் மனிதர்கள் இருக்கிறார்கள்.

இந்த இரண்டு சொற்களையும் கையில் வைத்துக்கொண்டு ஸ்டோன் டெம்பிள் பைலட்ஸுக்குத் திரும்பினால் குழப்பம் பாதி தீர்ந்துவிடுகிறது. 2008-இல் நடந்தது மீள்கூடல், சந்தேகமே இல்லை. உள்நோக்கம் கல்லா கட்டுவதாகவே இருந்திருக்கட்டும், நால்வரும் அந்த நால்வர்தான். 2013 பிப்ரவரியில் ஒற்றை வரி அறிக்கையில் வீலண்டை நீக்கினார்கள். திரும்பவும் காய். அதே ஆண்டு மே மாதம் லிங்கின் பார்க் பாடகர் செஸ்டர் பெனிங்டனை மேடையேற்றினார்கள். பெயர் யாருக்குச் சொந்தம் என்று இரு தரப்பும் நீதிமன்றம் போனார்கள். அப்போது குழு தன்னை 'செஸ்டர் பெனிங்டனுடன் ஸ்டோன் டெம்பிள் பைலட்ஸ்' என்று அறிவித்துக்கொண்டது. அந்த 'உடன்' என்ற உருபு, இது மறுஅணி என்று அவர்களே கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம். 2015 டிசம்பரில் வீலண்டும், 2017 ஜூலையில் பெனிங்டனும் இறந்தார்கள். 2017 நவம்பரில் ஜெஃப் கட் என்ற புதிய பாடகர் வந்தார். இந்த முறை 'உடன்' இல்லை. இனி மீள்கூடலுக்கு வழியே இல்லாத இடத்தில் பெயர் மட்டும் பாடிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், கேட்டிருக்கிறேன். சொல்லை மட்டும் சரியாகப் போடுங்கள் என்கிறேன்.

கடைசியாக, இரண்டு சொற்களுக்கும் நடுவில் நழுவும் ஒரு குழு. ஆலிஸ் இன் செயின்ஸ் பாடகர் லேன் ஸ்டேலி 2002 ஏப்ரலில் இறந்துபோனார். கிட்டத்தட்ட மூன்று வருடம் கழித்து, 2005 பிப்ரவரியில், மீதி மூவரான ஜெரி கான்ட்ரெல், மைக் ஐனெஸ், ஷான் கின்னி சியாட்டிலில் ஒரு நிதி திரட்டும் கச்சேரிக்காகச் சேர்ந்தார்கள். நிதி யாருக்கு? முந்தைய டிசம்பரில் நம் கரைகளையும் இலங்கைக் கரையையும் அடித்துப்போன சுனாமியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு. ஸ்டேலியின் இடத்தில் ஹார்ட் குழுவின் ஆன் வில்சன் உட்பட ஆளுக்குச் சில பாட்டாக விருந்தினர்கள் பாடினார்கள். 2006-இல் வில்லியம் டுவால் வந்து நிலைத்தார், 2009-இல் ஆல்பம் வந்தது. அது மறுஅணி, அதில் எனக்குக் குழப்பமில்லை. ஆனால் அந்த பிப்ரவரி இரவுக்கு என்ன பெயர் வைப்பது? நால்வரில் ஒருவர் இல்லை, அவர் இடத்தில் நிரந்தரமாக இன்னொருவரை வைக்கவும் இல்லை. ஊர்ப் பேச்சில் சொல்வதானால், கருமாதிக்குப் பின் ஆளுக்கொரு பக்கம் போயிருந்த பங்காளிகள் பக்கத்து வீட்டு வெள்ளத்துக்கு ஒன்றாகச் சாக்கு தூக்கினார்கள். நான் அதை மீள்கூடல் என்றே எழுதுவேன்.