எத்தனை பிள்ளை? பிரசவ வார்டுக்கு வரும் முன்பே பேசிவிடுங்கள்

முதல் குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்துவதற்குள்ளாகவே "அடுத்தது எப்போது?" என்று சொந்தபந்தம் கேட்கத் தொடங்கிவிடும். அந்தக் கேள்விக்கு மாமியாரிடம் பதில் இருக்கும், நாத்தனாரிடமும் இருக்கும். கணவனும் மனைவியும் மட்டும் அதைப் பற்றி வாய்திறந்து பேசியிருக்க மாட்டார்கள். திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமிருந்து என்னிடம் வரும் தம்பதிகள் பலரிடம் இதைப் பார்க்கிறேன்.

அதனால் ஐந்தாம் மாதப் பரிசோதனையின்போதே இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுவிடுகிறேன். கணவன்மார் சட்டென்று "இரண்டு" என்பார்கள். ஆசைக்கு ஒரு பெண், ஆஸ்திக்கு ஓர் ஆண் என்ற கணக்கு அதற்குள் இருக்கும். மனைவியோ முந்தானை நுனியைச் சுருட்டியபடி, "அத்தையைக் கேட்டுச் சொல்கிறேன் டாக்டரம்மா" என்பார். "உனக்கு என்னம்மா தோன்றுகிறது?" என்று மறுபடியும் கேட்டால்தான் மனதில் உள்ளது வெளியே வரும். மில் வேலைக்குத் திரும்ப வேண்டும், போன பிரசவத்தில் ரத்தம் ஏற்றியதை நினைத்தாலே நடுக்கமாக இருக்கிறது, ஒன்றே போதும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

மேலூர்ப் பக்கத்துத் தம்பதிக்கு இரண்டும் பெண் குழந்தைகள். அந்தப் பெண்ணுக்குக் கடுமையான ரத்தசோகை. "இவளுக்குப் பெண்ணாகவே பிறக்கிறது, இன்னொன்று பார்க்கலாம்" என்றார் கணவர். தாயிடமிருந்து எக்ஸ் குரோமோசோம் மட்டுமே வரும், ஆண் குழந்தை பிறக்கத் தேவையான ஒய் தகப்பனிடமிருந்துதான் வர வேண்டும் என்று மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினேன். "அப்படியென்றால் இவளைத் திட்டியதெல்லாம்..." என்று பாதியில் நிறுத்தினார். மூன்றாவது பிள்ளைப் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை.

தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள் என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. சிறு குடும்பத்தை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டோம். ஆனால் அதன் பாரம் முழுவதும் பெண்ணின் தலையில். அதே ஆய்வின்படி, மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட தம்பதிகள் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான்.

பிரசவ வலியில் துடிப்பவரிடம் "அப்படியே ஆபரேஷனையும் முடித்துவிடுவோம்" என்று வீட்டார் சொல்ல, அவர் தலையாட்டுவதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? செய்துகொள்பவரின் சம்மதம்தான் அரசு விதிப்படி தேவை, கணவரின் கையெழுத்து கட்டாயமில்லை. முடிவெடுக்க அவகாசம் வேண்டுமென்றால், குழந்தை பிறந்த 48 மணி நேரத்துக்குள் காப்பர்-டி என்ற கருத்தடைச் சாதனத்தைக் கருப்பைக்குள் பொருத்திக்கொள்ளலாம். வேண்டும்போது எடுத்துவிட்டால் மறுபடியும் கருத்தரிக்கலாம். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் இடையே குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது தாயின் உடல் தேற வேண்டும்.

ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டுச் சிகிச்சையைப் பற்றிப் பேசினால், "மூட்டை தூக்குகிறவன் நான், தெம்பு போய்விடுமே" என்கிறார்கள். போகாது. விதைப்பையில் சிறு துளையிட்டு, விந்தணு வரும் குழாயை மட்டும் அடைக்கிறோம். ஆண் ஹார்மோன் குறையாது, தாம்பத்தியத்துக்கும் பாதிப்பில்லை. அன்றே வீடு திரும்பிவிடலாம், சில நாட்கள் பளு தூக்கக் கூடாது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பலன் உடனே கிடைக்காது. மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் விந்தணு இல்லை என்று உறுதியாகும் வரை ஆணுறை அவசியம்.