தாத்தா காலத்து டிரஸ்ட் பத்திரம் வீட்ல இருக்கா? எடுத்துப் படிங்க

கேரளாவுல பாலக்காடு ஜில்லா சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு பக்கம் நம்மாளுங்க வீட்ல பழைய ஃபேமிலி டிரஸ்ட் ஏதாவது ஓடிட்டு இருந்தா இது உங்களுக்குத்தான். கோயில் டிரஸ்ட், தர்ம டிரஸ்ட் எல்லாம் வேற கணக்கு, இது 1882 டிரஸ்ட் சட்டத்துல வர்ற குடும்ப டிரஸ்ட் மட்டும், அதாவது வீட்டு ஆளுங்களுக்காக (பயனாளிங்க) சொத்தை டிரஸ்டிங்க பொறுப்புல விட்டு எழுதினது.

அந்தக் காலத்துல எஸ்டேட் டியூட்டிக்கும் (இறந்தவங்க சொத்து மேல போட்ட வரி) வெல்த் டாக்ஸுக்கும் (மொத்தச் சொத்து மதிப்பு மேல வருஷா வருஷம் போட்ட வரி) பயந்து எழுதுன பத்திரங்கதான் நிறைய. எஸ்டேட் டியூட்டி 1985லயே போச்சு, வெல்த் டாக்ஸை 2015 பட்ஜெட்ல எடுத்தாச்சு. பயந்த வரி இல்ல, பத்திரம் மட்டும் நிக்குது, அதனாலயே இப்ப கூடுதலா வரி கட்ட வேண்டி வருது.

எப்படின்னா, பத்திரத்துல "டிரஸ்டிகள் தங்கள் விருப்பப்படி பிரித்துக் கொடுக்கலாம்"னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க. இருந்தா அது டிஸ்கிரிஷனரி டிரஸ்ட், ஸ்லாப் (வருமானம் ஏற ஏற படிப்படியா கூடுற ரேட்) கிடையாது, முதல் ரூபாயில இருந்தே உச்ச ரேட்டான 30 சதவீதம், மேல 4 சதவீதம் செஸ். கடை வாடகை வருஷம் 6 லட்சம் வருதுன்னு வைங்க, வாடகை வருமானத்துக்குச் சட்டம் தர்ற 30 சதவீதக் கழிவு போக 4,20,000, அதுக்கு வரி 1,31,040 ரூபா. அதே பத்திரத்துல மூணு பிள்ளைகளுக்குச் சம பங்குன்னு தெளிவா எழுதியிருந்தா ஆளுக்கு 1,40,000தான், வேற வருமானம் இல்லாதவங்களுக்கு வரியே வராது. சர்சார்ஜும் (பெரிய வருமானத்துக்கு வரிக்கு மேல போடுற கூடுதல் வரி) உச்ச ரேட்ல போடுவாங்களோன்னு ஒரு குழப்பம் இருந்துச்சு, வருமானத்துக்கு ஏத்த மாதிரிதான்னு மும்பை வருமான வரித் தீர்ப்பாயத்தோட ஸ்பெஷல் பெஞ்ச் 2025ல சொல்லிடுச்சு. தென்னந்தோப்பு வருமானம் விவசாயக் கணக்கு, அதுக்கு சென்ட்ரல் வருமான வரி இல்ல.

விதிவிலக்கும் உண்டு. உயில்ல எழுதுன ஒரே டிரஸ்டா இருந்தாலோ, 1970 மார்ச் 1க்கு முன்னாடி தன்னை நம்பி இருந்த சொந்தக்காரங்களுக்காக நிஜமாவே எழுதினதா இருந்தாலோ உச்ச ரேட் போடாம சாதாரண ஸ்லாப் கிடைக்கலாம், ஆனா பிசினஸ் வருமானம் இருந்தா கதை வேற. அதனால முதல்ல பத்திரத்தோட தேதியைப் பாருங்க.

"சரி, ஒரு திருத்தப் பத்திரம் போட்டு பங்கு எழுதிடலாமே"ன்னு நிறைய பேர் கிளம்புறாங்க. அங்கதான் சிக்கல். பங்கு யாருக்கு எவ்வளவுன்னு மூலப் பத்திரம் எழுதுன தேதியிலயே தெரியணும்னு வருமான வரிச் சட்டம் கேக்குது, பின்னாடி சேத்ததை ஆபீசர் ஏத்துப்பாருன்னு நம்பி செலவு பண்ணாதீங்க. என்னைக் கேட்டா டிரஸ்டை முடிச்சுச் சொத்தைப் பிரிச்சுக்கறது மேல். பயனாளிங்க எல்லாரும் மேஜரா இருந்து ஒரே மனசா கேட்டா டிரஸ்டி சொத்தை மாத்திக் கொடுக்கணும், அது 1882 டிரஸ்ட் சட்டத்தோட 56ஆம் பிரிவு. மைனர் ஒருத்தர் இருந்தாலும் இந்த வழி நேரா போகாது, கோர்ட் வாசல் மிதிக்க வேண்டியிருக்கும். நிலம்னா ரிஜிஸ்டர் பண்ணணும், முத்திரைத்தாள் செலவை முன்னாடியே விசாரிச்சுக்கோங்க, பொள்ளாச்சி பக்கம் நிலம் இருந்தா அது தமிழ்நாட்டுக் கணக்கு.

டிரஸ்டியா இருந்த மாமாவோ சித்தப்பாவோ துபாய்ல செட்டில் ஆயிட்டாரா? தொடர்ந்து ஆறு மாசம் இந்தியாவுல இல்லன்னாலே அதே டிரஸ்ட் சட்டத்தோட 73ஆம் பிரிவுல அவருக்குப் பதில் வேற ஆளைப் போடலாம், எழுத்துல இருக்கணும். யார் போடலாம்னு பத்திரத்துலயே இருந்தா அவங்க, இல்லன்னா எழுதி வச்சவர், அவரும் இல்லன்னா மீதி டிரஸ்டிங்க.

2026 ஏப்ரல் 1ல இருந்து 2025 வருமான வரிச் சட்டம் வந்தாச்சு, பிரிவு நம்பர் எல்லாம் மாறிடுச்சு, அசெஸ்மென்ட் இயர் போய் டாக்ஸ் இயர் ஆயிடுச்சு. ஆடிட்டர்கிட்ட போறப்ப மூலப் பத்திரம், டிரஸ்ட் பேர்ல உள்ள பான் கார்டு, கடைசி மூணு வருஷ ரிட்டர்ன், கரம் (நில வரி) கட்டின ரசீது எல்லாத்தையும் ஒண்ணா கொண்டு போங்க.