குறைவாக ஓடிய டீசல் வண்டி ஏன் அடைத்துக்கொள்கிறது?

"டாக்டர் ஓட்டிய வண்டி, சிங்கிள் ஓனர், 28,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு." செகண்ட் ஹேண்ட் எஸ்யூவி தேடும் குடும்பத்துக்கு இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால் உடனே அட்வான்ஸ் கொடுக்கத் தோன்றும். பெட்ரோல் வண்டியாக இருந்தால் அதில் தப்பில்லை. 2020-க்குப் பிறகு வந்த டீசல் வண்டி என்றால், அந்தக் குறைந்த கிலோமீட்டரைப் பற்றித்தான் முதலில் விசாரிக்க வேண்டும். எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் வழியில் இருக்கும் ஒரு பீங்கான் வடிகட்டிதான் காரணம். மெக்கானிக்குகள் அதை டிபிஎஃப் என்பார்கள்.

2020 ஏப்ரல் 1 அன்று நாடு முழுவதும் வாகனப் புகைக்கான பிஎஸ்6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்தைய பிஎஸ்4 விதிப்படி ஒரு டீசல் கார் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை துகள்களை வெளியே விடலாம். பிஎஸ்6 அதை 4.5 மில்லிகிராமாகக் குறைத்தது. எஞ்சினை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் இந்த அளவைத் தொடுவது கடினம். அதனால் டீசல் கார்களில் வடிகட்டி வைப்பது தவிர்க்க முடியாததாகிவிட்டது.

டீசலில் கரி எப்படி வருகிறது? சாதாரணப் பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் முன்கூட்டியே கலந்துவிடும்; பிறகுதான் பொறி வைக்கப்படும். டீசல் எஞ்சினில் காற்றை மட்டும் அழுத்திச் சூடாக்கி, அதற்குள் டீசலைப் பீய்ச்சுகிறார்கள். பீய்ச்சிய அந்தக் கணத்திலேயே தீப்பிடிக்கிறது, கலப்பதற்கு அவகாசமே இல்லை. தெளிப்பின் நடுப்பகுதிக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்காமல், அங்கே உள்ள எரிபொருளில் ஒரு பங்கு கரித்துகளாகிவிடுகிறது. இந்தத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானைவிடச் சிறியவை. மூச்சோடு போய் நுரையீரலின் அடிவரை இறங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

டிபிஎஃப் உள்ளே ஆயிரக்கணக்கான மெல்லிய சதுரக் குழாய்கள் பக்கம் பக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு குழாயின் பின்வாய் மூடியிருந்தால் அதற்கு அடுத்த குழாயின் முன்வாய் மூடியிருக்கும். உள்ளே வரும் புகைக்கு நேராக வெளியேற வழி கிடையாது. குழாய்ச் சுவரில் உள்ள நுண்துளைகளின் வழியாகப் பக்கத்துக் குழாய்க்குப் போயாக வேண்டும். வாயு போய்விடும், கரி சுவரிலேயே தங்கிவிடும். நல்ல நிலையில் இருக்கும் வடிகட்டி, கரியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பிடித்துவிடும்.

சரி, பிடித்த கரி எங்கே போகும்? அங்கேயே எரித்தாக வேண்டும். கரி தானாக எரிய ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் தேவை. நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது, வடிகட்டிக்கு முன்னால் புகைப்பாதையில் உள்ள வினையூக்கி (கேட்டலிஸ்ட்) உண்டாக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடின் உதவியோடு 300 டிகிரி சுமாரிலேயே கரி கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துவிடும். ஊருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் வண்டியின் புகை அந்தச் சூட்டைத் தொடுவதே அபூர்வம். கரி சேர்ந்துகொண்டே போகும்.

வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டிருக்கும். கரி ஓர் அளவைத் தாண்டியதும் எஞ்சினின் கணினி வேறொரு வேலை செய்கிறது. சக்திக்காகப் பீய்ச்சும் டீசலுக்குப் பிறகு, கொஞ்சம் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சுகிறது. அது சிலிண்டரில் எரியாமல் வினையூக்கிக்குப் போய் அங்கே எரிந்து, வடிகட்டியை 600 டிகிரிக்குக் கொண்டுபோகிறது. இதை ரீஜெனரேஷன் என்பார்கள். பத்து, இருபது நிமிடம் வண்டி நிற்காமல் ஓடினால் முழுதாக முடியும்.

இப்போது அந்த டாக்டரின் வண்டிக்கு வருவோம். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி நான்கு கிலோமீட்டர். எஞ்சின் சரியான சூட்டுக்கு வருவதற்குள் பயணம் முடிந்துவிடும், அதனால் ரீஜெனரேஷன் தொடங்காது. என்றைக்காவது தொடங்கினாலும் பாதியில் சாவியை அணைத்துவிடுவார். ஒவ்வொரு அரைகுறை முயற்சியிலும், தாமதமாகப் பீய்ச்சிய டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் படிந்து, கீழே எஞ்சின் ஆயிலில் கலக்கிறது. ஆயில் நீர்த்துப்போனால் டர்போவின் பேரிங்கும் எஞ்சினும் தேயும். வடிகட்டிக்கு வந்த நோய் இப்படித்தான் எஞ்சினுக்கும் பரவுகிறது. இதே வண்டி சென்னைக்கும் மதுரைக்கும் போய் வந்து ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தால், அதன் வடிகட்டி பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். டீசலில் நான் அந்த வண்டியைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

அதற்காக வடிகட்டிக்கு ஆயுள் முடிவே இல்லை என்று அர்த்தமில்லை. விறகடுப்பில் கரியை மறுபடி எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது, இங்கேயும் அப்படித்தான். எஞ்சின் ஆயிலில் கலந்திருக்கும் கால்சியம், துத்தநாகம் போன்ற சேர்மங்கள் எரிந்து சாம்பலாகி வடிகட்டியில் நிரந்தரமாகத் தங்கும். அதனால்தான் இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த தனி ரக ஆயிலைச் சொல்கிறார்கள். சர்வீஸ் பில்களைக் கேட்டு வாங்கி, எந்த ரக ஆயில் ஊற்றினார்கள் என்று பாருங்கள். வெளியில் எங்கோ மலிவு ஆயில் மாற்றிய வண்டி என்றால் யோசிக்க வேண்டும்.

வண்டி பார்க்கப் போகும்போது ஒரு வெள்ளைத் துணி கொண்டுபோங்கள். சைலன்சர் குழாயின் உள்பக்கத்தை அதனால் துடையுங்கள். டிபிஎஃப் உள்ள வண்டியில் துணி கிட்டத்தட்ட சுத்தமாகவே வர வேண்டும். கறுப்பாக வந்தால் வடிகட்டி விரிசல் விட்டிருக்கலாம், அல்லது உள்ளே இருந்ததை உடைத்து எடுத்துவிட்டு, கணினியின் மென்பொருளையும் மாற்றியிருக்கலாம். அப்படி எடுத்த வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். மாசு விதியை மீறியது என்பது ஒருபுறம். உங்கள் பிள்ளைகள் பள்ளி வாசலில் இறங்கி நிற்கும் இடத்தில்தான் அதன் புகை போகும்.

அப்புறம் டிப் ஸ்டிக். ஆயில் மட்டம் குறைவதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். டீசல் வண்டியில் மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏறியிருந்து, டீசல் வாடையும் அடித்தால் அந்தப் பேரத்தை அங்கேயே விட்டுவிடலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டிக் கணினியின் தகவலைப் படிக்க உள்ள ஓபிடி துளையில் ஸ்கேனரைச் செருகத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போனால் இன்னும் நல்லது. பல வண்டிகளில் கரியின் அளவு, அழுத்த வித்தியாசம், கடைசி ரீஜெனரேஷனுக்குப் பிறகு ஓடிய தூரம் எல்லாம் திரையில் தெரியும். சில நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை ரீஜெனரேஷன் நடப்பது இயல்பு. நூறுக்குள்ளேயே திரும்பத் திரும்ப நடந்தால் வடிகட்டி நிரம்பிக்கொண்டிருக்கிறது. புதிது மாற்ற, பல வண்டிகளில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும். ஆறேழு லட்சத்தில் வண்டி தேடுபவருக்கு அது தாங்காது.

ஓட்டிப் பார்ப்பதைத் தெருவைச் சுற்றி வருவதோடு முடிக்காதீர்கள். சென்னையில் பார்க்கிறீர்கள் என்றால் தாம்பரம் தாண்டி செங்கல்பட்டு வரை போய் வாருங்கள். வண்டி இழுக்கத் திணறுகிறதா, வடிகட்டி விளக்கு எரிகிறதா என்று அந்தத் தூரத்தில் தெரிந்துவிடும். நிறுத்தியபின் ஃபேன் வெகுநேரம் ஓடி, சூடான வாடையும் வந்தால் பயப்பட வேண்டாம். ரீஜெனரேஷன் நடுவில் நிறுத்தியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

வீட்டில் வண்டியின் வேலை என்ன என்பதையும் முதலிலேயே கணக்குப் போட்டுவிடுங்கள். பள்ளிக்கூடம், காய்கறிக் கடை, வருஷத்துக்கு இரண்டு முறை சொந்த ஊர் என்றால் பெட்ரோல் போதும். மாருதி 2020-இல் டீசலைக் கைவிட்டபின் வந்த பிரெஸ்ஸா எல்லாமே பெட்ரோல்தான். மறைமலை நகரில் தயாரான ஈகோஸ்போர்ட், ஸ்ரீபெரும்புதூர் கிரெட்டா இரண்டிலும் பெட்ரோல் வண்டிகள் உண்டு. மைலேஜ் குறைவுதான். ஆனால் மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பம் டீசலில் மிச்சம் பிடிக்கும் பணம், ஒரு வடிகட்டியின் விலைக்கு எட்டப் பல வருஷம் ஆகும். வாரத்துக்கு இரண்டு நாளாவது நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓடும் வண்டி என்றால் டீசலை வாங்கலாம். வாங்கியபின் வடிகட்டி விளக்கு எரிந்தால் அன்றைக்கே பைபாஸில் ஏறி, நான்காம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் குறையாமல் இருபது நிமிடம் ஓட்டுங்கள். அப்படியும் அணையவில்லை என்றால் நேராக சர்வீஸ் சென்டருக்கு விடுங்கள்.